1984-ல நடக்குற கதைக்குள்ள 2024 எட்டிப் பாக்காம இருக்க: காலப்பிழை செக் பண்றதுக்கு முழு வழிகாட்டி

பீரியட் கதை, அதாவது பழைய காலத்துல நடக்கற கதை, எழுதுற, இல்ல எடுக்குற எல்லாருக்கும் இது. குறும்படம், வெப் சீரிஸ், பெரிய படம் எதுவா இருந்தாலும் செக் பண்ற வரிசை ஒண்ணுதான். ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கும் அசிஸ்டன்ட் டைரக்ஷனுக்கும் புதுசா வர்ற பசங்க பெரும்பாலும் ஷூட்டிங் ஸ்பாட்லதான் செக் பண்ண ஆரம்பிக்கறாங்க, அதுக்குள்ள முக்கால்வாசி தப்பு ஸ்கிரிப்ட்லயே உக்காந்திருக்கும். வரிசை மாறாம போனா செலவும் கம்மி, தப்பும் கம்மி.

உதாரணத்துக்கு ஒரே ஒரு கதையை வச்சுக்கலாம். 1984 அக்டோபர், மதுரை பக்கத்துல ஒரு சின்ன ஊர். 19 வயசு ஹீரோ, 45 வயசு அப்பா, ஊருக்குள்ள வட்டிக்கு விடற வில்லன். கடைசி வரைக்கும் இந்தக் கதையைத்தான் செக் பண்ணப் போறோம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

ஒரு பிரின்ட் எடுத்த ஸ்கிரிப்ட், நாலு கலர் ஹைலைட்டர், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அந்த வருஷத்து காலண்டர் (கிழமையோட, அமாவாசை பௌர்ணமியோட). இவ்வளவுதான் கைல வேணும்.

ஆதாரத்துக்கு மூணு இடம். முதல்ல அந்த வருஷத்து வாரப் பத்திரிகைகள். கதைக்காக இல்ல, விளம்பரத்துக்காக. ஒரு பொருள் வித்துச்சா, என்ன விலைக்கு வித்துச்சுன்னு விளம்பரம் சொல்லிடும். சென்னைல இருந்தா எழும்பூர் கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் போய்ப் பாக்கலாம். ரெண்டாவது, சொந்தக்காரங்க வீட்டு கல்யாண ஆல்பம், ஏன்னா அழைப்பிதழ்ல தேதி இருக்கும், அதனால அந்த போட்டோவோட தேதில சந்தேகமே வராது, பின்னாடி தெரியற சேர், விளக்கு, பந்தல், செருப்பு எல்லாமே அப்ப இருந்ததுதான். மூணாவது, அந்த வருஷம் அவுட்டோர்ல எடுத்த படங்கள். நடிகரைப் பாக்காதீங்க, அவருக்குப் பின்னாடி தெரியற தெருவைப் பாருங்க. செட் போட்ட சீன் ஆதாரமாகாது. அப்புறம் 84-ல ரிலீஸ் ஆன படம் 82-ல எடுத்ததா இருக்கலாம், அதையும் கணக்குல வைங்க.

இன்டர்நெட்ல "பழைய மெட்ராஸ்"னு சுத்தற போட்டோக்களை நம்பவே நம்பாதீங்க. நிறைய போட்டோல வருஷம் தப்பு, கலர் அப்புறமா ஏத்தினது, இப்பல்லாம் ஏஐ செஞ்சதும் கலந்து வருது. யாரு எடுத்தது, எங்க இருக்குன்னு தெரியாத போட்டோவை ரெஃபரன்ஸ் போல்டர்ல போடாதீங்க.

1. தேதியைப் பூட்டுங்க

"எண்பதுகள்"ங்கறது தேதி இல்ல. 1981-க்கும் 1989-க்கும் நடுவுல டிவி, பைக், ரூபா நோட்டு, ஓட்டுப் போடற வயசு எல்லாம் மாறிடுச்சு. வருஷம், மாசம், முடிஞ்சா நாள் வரைக்கும் எழுதி வைங்க. பக்கத்துலயே ஊர், அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வசதி, ரெண்டையும் எழுதுங்க. இதை ரைட்டரும் டைரக்டரும் ஒத்துக்கிட்ட பிறகுதான் அடுத்த ஸ்டெப். பாதில "85-ன்னு வச்சுக்கலாமே"ன்னா மறுபடி முதல்லேர்ந்து பாக்கணும்.

தேதி பூட்டுனதும் அந்த மாசம் வெளியுலகத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1984 அக்டோபர் 5-ம் தேதி எம்ஜிஆர் சென்னைல ஆஸ்பத்திரில சேர்ந்தாரு. 31-ம் தேதி புதன்கிழமை இந்திரா காந்தியைச் சுட்டாங்க. நவம்பர் 5-ம் தேதி எம்ஜிஆரை அமெரிக்கா கொண்டு போனாங்க, டிசம்பர் 24-ம் தேதி எலெக்‌ஷன். அந்த மாசம் மதுரை பக்கத்து டீக்கடைல எம்ஜிஆர் உடம்பைப் பத்தி ஒரு ஆளும் பேசலன்னா அதுவும் தப்புதான். இல்லாததைக் காட்டுறதை மட்டும் பிழைன்னு நினைக்கறாங்க, இருந்தே ஆகவேண்டியதை விடறதும் பிழைதான், ஆனா இதை யாரும் செக் லிஸ்ட்ல சேக்கறதில்ல.

அடுத்து கேரக்டர் வயசு. எல்லாருக்கும் பிறந்த வருஷம் போட்டுடுங்க. அப்பா 1939-ல பிறந்தவரு, சுதந்திரம் வந்தப்போ அவருக்கு 8 வயசு. "வெள்ளைக்காரனை எதுத்து ஜெயிலுக்குப் போனேன்"னு அவருக்கு வசனம் இருந்தா அதை தாத்தாவுக்கு மாத்துங்க. ஹீரோ 19 வயசு, டிசம்பர் எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடற சீன் எழுதியிருந்தா வெட்டணும். அப்ப ஓட்டுரிமை வயசு 21, அது 18 ஆனது 1989-லதான்.

2. ஸ்கிரிப்டை நாலு கலர்ல குறிங்க

மஞ்சள் பொருளுக்கு, பச்சை வசனத்துக்கு, நீலம் இடத்துக்கு, பிங்க் நடைமுறைக்கு. நடைமுறைன்னா கோர்ட், போலீஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல், எலெக்‌ஷன், சடங்கு மாதிரி ஒரு முறைப்படி நடக்கற எல்லாமே.

ஏன் கலர் பிரிக்கணும்னா ஒரே ஆள் ஒரே தடவைல எல்லாத்தையும் பாக்கும்போது பொருள் மட்டும்தான் கண்ணுல படும். பைக், டிவி, போன் மூணையும் பிடிச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடுவாங்க. வசனத்துலயும் நடைமுறைலயும் இருக்கற தப்பு அப்படியே திரைக்கு வந்துடும்.

குறிச்ச ஒவ்வொண்ணும் ஸ்ப்ரெட்ஷீட்ல ஒரு வரி. சீன் நம்பர், என்ன, ஆதாரம் என்ன, முடிவு என்ன. ஆதாரம் எழுதற கட்டம் காலியா இருந்தா முடிவு எழுதக்கூடாதுன்னு ஒரு ரூல் வச்சுக்கோங்க. "எனக்குத் தெரியும் சார், அப்ப இருந்துச்சு"ங்கறது ஆதாரம் இல்ல.

3. ஒவ்வொரு பொருளுக்கும் மூணு தேதி

இந்த வேலையோட உயிரே இந்த ஸ்டெப்தான், இங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. ஒரு பொருள் இந்தியாவுக்கு எப்ப வந்துச்சு, அந்த ஊருக்கு எப்ப வந்துச்சு, அந்த வீட்டுக்கு எப்ப வந்திருக்கும். மூணையும் தனித்தனியா கேக்கணும். கூகுள் முதல் தேதியை மட்டும்தான் சொல்லும்.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பர். அதனால 84-ல காட்டலாம்னு உடனே முடிவு பண்ணிடறாங்க. ஆனா அதை புக் பண்ணிட்டு காத்திருந்தவங்க அத்தனை பேர், பத்து மாசத்துல மதுரை பக்கத்து சின்ன ஊர்ல வட்டிக்கடைக்காரர் வாசல்ல அது நிக்குமா? அம்பாசடரையோ பியட்டையோ நிறுத்துங்க. டிவியும் அப்படித்தான். சென்னை தூர்தர்ஷன் 1975-ல வந்துடுச்சு, கலர் 1982-ல வந்துடுச்சு, ஆனா அந்த ஊருக்கு சிக்னல் கிடைச்சுதான்னு தனியா விசாரிக்கணும். செல்போன்ல முதல் கால் 1995 ஜூலை 31-ல பேசினாங்க, ஆனா வர்ற காலுக்கும் காசு கட்டுன காலம் அது, இன்கமிங் ஃப்ரீ ஆனதே 2003-லதான். 98-ல நடக்கற கதைல ஆட்டோ டிரைவர் மணிக்கணக்கா காதலிகிட்ட செல்போன்ல பேசினா முதல் தேதிப்படி சரி, மூணாவது தேதிப்படி தப்பு.

இதுக்குப் பெரியவங்ககிட்டதான் கேக்கணும், ஆனா கேக்கற விதம் இருக்கு. "ஐயா, உங்க வீட்டுக்கு டிவி எந்த வருஷம் வந்துச்சு"ன்னு கேட்டா ஏதாவது ஒரு வருஷம் சொல்லிடுவாங்க, அது ரெண்டு மூணு வருஷம் முன்னபின்ன போயிடும். நிகழ்ச்சியை வச்சுக் கேளுங்க. "இந்திரா காந்தி செத்த அன்னிக்கு செய்தி எதுல கேட்டீங்க, ரேடியோவா டிவியா? எம்ஜிஆர் ஊர்வலத்தை யார் வீட்ல பாத்தீங்க? ராமாயணம் ஓடும்போது உங்க தெருவுல எத்தனை டிவி?" இப்படிக் கேட்டா பதில் சரியா வரும். எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24, ராமாயணம் சீரியல் ஆரம்பிச்சது 1987 ஜனவரி. அதுக்கு முன்னாடின்னா 64 டிசம்பர் தனுஷ்கோடி புயல், பின்னாடின்னா 91 மே ராஜீவ் கொலை, 2004 சுனாமி. ஒரே ஆளை நம்பாம ஒரே ஊர்ல ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டு ஒத்துப் போகுதான்னு பாருங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பும் நடக்குது. 84-ன்னதும் வீட்ல இருக்கற எல்லாத்தையும் 84 மாடலா வாங்கி அடுக்கிடறாங்க. எந்த வீடும் அப்படி இருக்காது. 84-ல இருக்கற வீட்ல 50-கள்ல வாங்குன பித்தளை அண்டா, 60-கள்ல வந்த மர ரேடியோ, அம்மா சீதனமா கொண்டு வந்த டிரங்குப் பெட்டி எல்லாம் இருக்கும். பழசு மிஞ்சி இருக்கலாம், அது பிழையே இல்ல. புதுசு முன்னாடியே வரக்கூடாது, அவ்வளவுதான்.

4. பணம், வண்டி, போன்

இந்த மூணையும் தனியா ஒரு தடவை உக்காந்து பாருங்க, ஏன்னா எந்த ஸ்கிரிப்ட்லயும் தப்பு அதிகமா கிடைக்கறது இதுலதான்.

பணம் முதல்ல. நம்ம கதைல வில்லன் ஒரு பெட்டி நிறைய 500 ரூபா கட்டு கொண்டு வர்றான்னு எழுதியிருக்கு. 500 ரூபா நோட்டு வந்தது 1987-ல. அதுக்கு முன்னாடி இருந்த 1000, 5000, 10000 நோட்டெல்லாம் 1978 ஜனவரில செல்லாதுன்னு அறிவிச்சாச்சு. அப்ப 84-ல புழக்கத்துல இருந்த பெரிய நோட்டே 100 ரூபாதான். அதுலயும் காந்தி படம் கிடையாது, சிங்க முத்திரைதான், காந்தி சீரிஸ் 1996-லதான் வருது. இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, அஞ்சு லட்சம்னா 50 கட்டு, பெட்டில வந்துடும். அம்பது லட்சம்னு வசனம் இருந்தா 500 கட்டு, ஒரு சூட்கேஸ்ல வராது, சாக்கு மூட்டைலதான் வரும். இல்லன்னா தொகையைக் குறைங்க. 84-ல அந்த ஊர்ல அஞ்சு லட்சமே மலைக்க வைக்கற பணம், அதனால குறைச்சா கதைக்கும் நல்லதுதான். இன்னொண்ணு, ஷூட்டிங்குக்காக நோட்டை அப்படியே கலர் பிரின்ட் போடாதீங்க, சட்டப்படி குற்றம். அந்தக் கால ஒரிஜினல் நோட்டு நாணய சேகரிப்பாளர்கள்கிட்ட கிடைக்கும், மேல ஒண்ணு வச்சு கீழ வெத்துப் பேப்பர் கட்டுனா போதும்.

போர்டுல, பில்லுல ரூபாய் சிம்பல் வராம பாத்துக்கோங்க, அது 2010 ஜூலைலதான் வந்துச்சு. "ரூ." போட்டா போதும்.

வண்டி. 80-கள் கதைன்னாலே ஆர்எக்ஸ் 100 கொண்டு வந்துடறாங்க, அது 1985-ல வந்த வண்டி, நம்ம 84 அக்டோபர் கதைக்கு ஆகாது. ஹீரோ ஹோண்டாவும் 85தான். புல்லட், ராஜ்தூத், யெஸ்டி, பஜாஜ் சேத்தக், டிவிஎஸ் 50 இதுல எது வேணா வரலாம். வண்டியை விட நம்பர் பிளேட்தான் அதிகமா மாட்டிவிடும். டிஎன், அப்புறம் ரெண்டு இலக்கம்னு வர்ற முறை 1989-க்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி எம் இல்ல டி-ல ஆரம்பிக்கற மூணு எழுத்து, பின்னாடி நம்பர். வாடகைக்கு வர்ற பழைய வண்டியைக் கழுவித் தொடைச்சு பளபளன்னு நிறுத்துவாங்க, அந்த ஊர் மண்ணு கொஞ்சம் பூசுங்க.

பஸ். இது நம்ம ஊருக்கே உரிய விஷயம், கட்டாயம் கவனிக்கணும். 1997 வரைக்கும் அரசு பஸ் கழகங்களுக்குப் பேர் இருந்துச்சு. மதுரை பக்கம்னா பாண்டியன், கோயம்புத்தூர்னா சேரன், தஞ்சாவூர் கும்பகோணம் பக்கம் சோழன், சென்னைக்குள்ள பல்லவன், தூரத்துக்கு திருவள்ளுவர். 97-ல சாதிக் கலவரத்துக்கு அப்புறம் பேரையெல்லாம் எடுத்துட்டாங்க. மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பேரும் அப்பதான் போச்சு. நம்ம ஹீரோ மெட்ராஸ்லேர்ந்து திருவள்ளுவர்ல வந்து மதுரைல பாண்டியன் பஸ் மாறணும். பஸ் பக்கவாட்டுல அந்தப் பேர் இருந்தாலே பாக்கறவங்களுக்கு காலம் புரிஞ்சுடும், தனியா "மதுரை, 1984"னு எழுத்துப் போடவே வேணாம்.

போன். 84-ல சின்ன ஊர்லேர்ந்து மெட்ராஸுக்குப் பேசணும்னா டிரங்க் கால் புக் பண்ணிட்டு காத்திருக்கணும். தெருவுக்குத் தெரு மஞ்சள் எஸ்டிடி பூத் வந்ததெல்லாம் 80-களோட கடைசிலதான். அந்தக் காத்திருப்பு நேரத்தை ரைட்டர்கிட்ட சொல்லுங்க, போஸ்ட் ஆபீஸ்ல உக்காந்து கால் வருமா வராதான்னு பாக்கற சீன் ஒண்ணு தானா கிடைக்கும். அவசரச் செய்தின்னா தந்தி.

5. சுவத்துல இருக்கற எழுத்து

1978 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்துச்சு. ணா, றா, னா, அதோட ஒகர ஓகார வரிசைகள், அப்புறம் ணை, லை, ளை, னை ஆக மொத்தம் 13 எழுத்து மாறுச்சு. அதுக்கு முன்னாடி இருந்த லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு வரும். 1970-ல நடக்கற கதைல போர்டு எழுதும்போது எல்லா எழுத்தையும் பழசா மாத்த வேண்டியதில்ல, இந்த 13-ஐ மட்டும் பாத்தா போதும். "மதுரை"ல எதுவும் மாறாது, "கடை"லயும் மாறாது. "சென்னை"ல மாறும், "விலை"ல மாறும், "அண்ணா"ல மாறும்.

நம்ம கதை 84, அதனால ரெண்டும் கலந்து இருக்கணும். அரசு போர்டு, பள்ளிப் புத்தகம் புது எழுத்து, பழைய மளிகைக்கடை போர்டு பழைய எழுத்து, ஏன்னா யாரும் அரசு ஆணை வந்துச்சுன்னு கடை போர்டை அழிச்சு எழுதல. இதுல ஒரு விதிவிலக்கும் இருக்கு, பெரியார் தன் பத்திரிகைல 1935-லயே இந்த எழுத்துகளைக் கொண்டு வந்துட்டாரு, அதனால 1940-ல ஒரு கேரக்டர் குடிஅரசு படிச்சா அதுல புது எழுத்து இருக்கறதுதான் சரி.

போர்டைக் கம்ப்யூட்டர் ஃபான்ட்ல அடிச்சு ஒட்டவே ஒட்டாதீங்க. லதா ஃபான்ட்ல ஒரு 1965 டீக்கடை போர்டைப் பாத்தா அதுக்கப்புறம் அந்த சீன்ல வேற எதுவும் கண்ணுல படாது. கையால எழுதற பெயிண்டர்கள் இன்னும் இருக்காங்க, அவங்களைக் கூப்பிடுங்க. ஃப்ளெக்ஸ் பேனரும் 2000-க்கு அப்புறம் வந்த விஷயம், 84-ல கட்அவுட், சுவர் விளம்பரம், லித்தோ போஸ்டர்தான்.

மெட்ராஸ், சென்னை விஷயத்துல நிறைய பேர் எதிர்ப்பக்கமா தப்பு பண்றாங்க. 1996-லதான் பேர் மாறுச்சுன்னு படிச்சுட்டு தமிழ் போர்டுலயும் வசனத்துலயும் சென்னைங்கற வார்த்தையையே எடுத்துடறாங்க. இங்கிலீஷ்லதான் மெட்ராஸ், தமிழ்ல எழுதும்போது அதுக்கு முன்னாடியும் சென்னைதான். பேச்சுல ரெண்டும் வரும். 1969 ஜனவரிக்கு முன்னாடி நடக்கற கதையா இருந்தா மட்டும் அரசுப் பேரு "சென்னை மாநிலம்", தமிழ்நாடு இல்ல.

6. வசனம்

பச்சைக் கலர் வரிகளை ஒரு ஆள் சத்தமா வாசிக்கணும், இன்னொருத்தர் கண்ணை மூடிக் கேக்கணும். கண்ணால படிச்சா கதை இழுத்துட்டுப் போயிடும், காதுலதான் இடறும். "வேற லெவல்", "மொக்க", "செட் ஆகல" மாதிரி வார்த்தைகளை எழுதறவங்க தெரியாமலே போட்டுடுவாங்க.

படிப்பு சம்பந்தமான வசனத்தை தனியா பாருங்க. பிளஸ் டூ வந்தது 1978. நம்ம ஹீரோ பிளஸ் டூ ஃபெயில் ஆகலாம், ஆனா அவங்க அப்பா பிளஸ் டூ படிச்சிருக்க முடியாது, அவரு பதினொண்ணாங் கிளாஸ் எஸ்எஸ்எல்சி, அதுக்கு மேல போயிருந்தா பியூசி (காலேஜ்ல படிக்கற ஒரு வருஷப் படிப்பு). ஸ்கூல் சீன்ல சத்துணவு காட்டலாம், 1982-ல எம்ஜிஆர் கொண்டு வந்துட்டாரு, ஆனா தட்டுல முட்டை வைக்காதீங்க, அது 1989-லதான்.

ராஜா காலக் கதைல ஜன்னல், சாவி, அலமாரி மாதிரி போர்த்துகீசியர் கூட வந்த வார்த்தைகளைக் களை எடுங்க. சாளரம், திறவுகோல் இருக்கவே இருக்கு. அதுக்காக மொத்த வசனத்தையும் கல்வெட்டு நடைல எழுத வேணாம், பாக்கறவங்களுக்குப் புரியணும்.

7. வானம், மரம், சாப்பாடு

தீபாவளி ராத்திரில முழு நிலா காட்டக்கூடாது. தீபாவளி அமாவாசையை ஒட்டித்தான் வரும். கார்த்திகை தீபம், தைப்பூசம், அழகர் ஆத்துல இறங்கற சித்திரைப் பௌர்ணமி இதுக்கெல்லாம் நிலா வேணும். பொங்கல் சூரியனை வச்சு வர்றது, அதனால நிலா எப்படி வேணா இருக்கலாம், காலண்டரைப் பாத்து முடிவு பண்ணுங்க. மெல்லிசான வளர்பிறை சாயந்தரம் மேற்குலதான் தெரியும், நடுராத்திரி உச்சில நிக்காது.

மெரினால சூரியன் கடல்லேர்ந்து உதிக்கும், கடல்ல மறையாது. காதலர்கள் சாயந்தரம் கடல்ல சூரியன் மறையறதைப் பாத்துட்டு உக்காந்திருக்கற ஷாட் வேணும்னா கன்னியாகுமரிக்கோ கேரளா பக்கமோ போங்க.

ராஜராஜன் கால விருந்துல மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பப்பாளி, கொய்யா எதுவும் வரக்கூடாது. எல்லாமே அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து போர்த்துகீசியர் வந்த பிறகு இங்க வந்தது. காரத்துக்கு மிளகு. மாலைல துலுக்கச் சாமந்தியும் வேணாம், அதுவும் அங்கேர்ந்து வந்ததுதான், மல்லிகையும் தாமரையும் போதும். போர்க்களம் எடுக்க பொட்டல் காடு தேடிப் போனா சுத்தி சீமைக்கருவேலமாத்தான் நிக்கும், அது 19-ம் நூற்றாண்டுக்கு முன்னாடி இங்க கிடையாது. அதை விஎஃப்எக்ஸ்ல அழிக்கறது பெரிய செலவு, அதனால லொகேஷன் பாக்கும்போதே பனங்காட்டையோ உடைமரக் காட்டையோ தேர்ந்தெடுங்க.

8. கட்டடங்கள்

ஃப்ரேம்ல வர்ற ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் கட்டுன வருஷம் எழுதுங்க. பழசா தெரியறதெல்லாம் பழசு இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில் 1010-ல முடிஞ்சது, ஆனா இப்ப முன்னாடி உக்காந்திருக்கற பெரிய நந்தியும் மண்டபமும் நாயக்கர் காலத்தது. ராஜராஜன் அந்த நந்தி முன்னாடி நடந்து வந்தா தப்பு. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஆயிரம் வருஷம் நின்ன மாதிரி இருக்கும், முழுசா கட்டி முடிச்சது 1987-ல, 1979-ல வேலை ஆரம்பிக்கற வரைக்கும் மொட்டை கோபுரம். நம்ம 84 ஹீரோ ஸ்ரீரங்கம் போனா கட்டிட்டிருக்கற, வேலை முடியாத கோபுரம்தான் பாக்கணும். பாம்பன்ல ரோட்டுப் பாலம் 1988, அதுக்கு முன்னாடி ராமேஸ்வரத்துக்கு ரயில்லதான் பாலம் தாண்டணும். கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1, கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் 2002.

9. கோர்ட், போலீஸ், ஆஸ்பத்திரி

பிங்க் கலர் வரிகள். இங்க காலப்பிழையை விட உண்மைப் பிழை அதிகம், காரணம் எழுதறவங்க வேற படத்தைப் பாத்து எழுதறாங்க.

நம்ம கோர்ட்ல ஜட்ஜ் சுத்தியலால தட்டறதில்ல. பகவத் கீதை மேல கை வச்சு சத்தியமும் வாங்கறதில்ல, சும்மா உறுதிமொழிதான். மானிட்டர்ல நேர்கோடு வந்த பிறகு டாக்டர் ஷாக் குடுக்கற சீன் எல்லா படத்துலயும் வருது, ஷாக் குடுக்கறது துடிப்பு தாறுமாறா அடிக்கும்போது அதை நிறுத்தி ஒழுங்குபடுத்தத்தான், முழுசா நின்ன இதயத்துக்கு அது பயன்படாது, நெஞ்சை அமுக்கி சிபிஆர்தான் பண்ணணும்.

இப்ப நடக்கற கதை எழுதறவங்களுக்கும் ஒண்ணு. 2024 ஜூலை 1-லேர்ந்து ஐபிசி போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. கொலைக்கு 302 இல்ல 103, மோசடிக்கு 420 இல்ல 318. குற்றம் அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்ததுன்னா பழைய செக்‌ஷன்தான். ஒரு வக்கீல், ஒரு நர்ஸ், ஒரு ரிட்டயர்டு போலீஸ், மூணு பேர்கிட்ட அந்தந்த சீனை மட்டும் வாசிச்சுக் காட்டுங்க, முழு ஸ்கிரிப்ட் குடுக்காதீங்க, அவங்க கதையைப் பத்தி கருத்து சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க.

10. ஷூட்டிங் அன்னிக்கு

ஸ்பாட்ல உங்க வேலை நடிகருக்குப் பின்னாடி இருக்கறதைப் பாக்கறது மட்டும்தான். கேமரா வச்ச பிறகு மானிட்டர்ல ஃப்ரேமோட நாலு ஓரத்தையும் முதல்ல பாருங்க, அப்புறம் நடு. தப்பு ஓரத்துலதான் ஒளிஞ்சிருக்கும். டிஷ் ஆன்டெனா, ஏசி அவுட்டோர் யூனிட், செல் டவர், பேவர் பிளாக் தரை, பிளாஸ்டிக் சேர், கியூஆர் கோட் ஸ்டிக்கர், தெருவிளக்குல எல்ஈடி. கண்ணாடி, பாத்திரம், வண்டி டேங்க் இதுல தெரியற பிம்பத்தையும் பாருங்க.

ஆளுங்க உடம்பையும் பாக்கணும். துணை நடிகர்கள் கைல டாட்டூ, கலர் அடிச்ச முடி, ராஜா கால வீரன் தோள்ல தடுப்பூசித் தழும்பு, மணிக்கட்டுல வாட்ச் கட்டுன வெள்ளைத் தடம். மேக்கப் போடற நேரத்துலயே சொல்லிட்டா அஞ்சு நிமிஷ வேலை, டேக் போற நேரத்துல சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

ஒவ்வொரு செட்டப்புக்கும் போன்ல ஒரு ஸ்டில் எடுத்து சீன் நம்பர் போட்டு வைங்க. அழிக்க முடியாத விஷயம் இருந்தா, உதாரணத்துக்கு தூரத்துல ஒரு டவர், உடனே ஷீட்ல "விஎஃப்எக்ஸ்"னு எழுதிடுங்க. அப்புறம் எழுதலாம்னு விட்டா எடிட் வரைக்கும் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

11. சவுண்டும் கடைசி பார்வையும்

எடிட் முடிஞ்ச பிறகு படத்தை ஒரு தடவை சவுண்ட் இல்லாம பாருங்க, ஒரு தடவை படம் இல்லாம கேளுங்க. சத்தத்துல இருக்கற பிழையை யாருமே தேடறதில்ல, அதனாலதான் இது. 84-ல மதுரை போற ரயில் மீட்டர் கேஜ் (இப்ப இருக்கறதை விட அகலம் கம்மியான தண்டவாளம்), பெட்டி செங்கல் சிவப்பு, அதுக்கு இப்ப ஓடற எலக்ட்ரிக் இன்ஜின் ஹாரனைப் போட்டுடறாங்க. போன் மணி அடிக்கற சத்தம் உண்மையான மணிச் சத்தமா இருக்கணும். தெருச் சத்தத்துல கார் ரிவர்ஸ் பீப், லாரி மியூசிக்கல் ஹாரன் லைப்ரரிலேர்ந்து கலந்து வந்துடும், கேட்டு வெட்டுங்க. ரேடியோல ஓடற பாட்டுக்கு "எண்பதுகள் பாட்டு"ன்னு திருப்திப்படாம, அது அக்டோபர் 84-க்கு முன்னாடி வந்ததான்னு மாசத்தோட பாருங்க, உரிமை வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

கடைசியா மிஞ்சற தப்புகளை மூணா பிரிங்க. கதையே அதை நம்பி நிக்குதுன்னா, 19 வயசுப் பையன் ஓட்டுப் போடறது மாதிரி, எவ்வளவு செலவானாலும் மாத்தணும். கதைக்கு சம்பந்தமில்லாம ஆனா கண்ணுல அடிக்கற மாதிரி இருந்தா, நம்பர் பிளேட், போர்டு மாதிரி, விஎஃப்எக்ஸ் இல்ல ஷாட்டை மாத்தறது. ரெண்டு செகண்ட் அவுட் ஆஃப் ஃபோக்கஸ்ல போற டிஷ் ஆன்டெனா மாதிரி விஷயத்துக்கு பணத்தைக் கொட்டாதீங்க, அந்தக் காசை போர்டு எழுதற பெயிண்டருக்குக் குடுத்து இன்னும் ரெண்டு கடை எழுதச் சொல்லுங்க. எதை விட்டீங்க, ஏன் விட்டீங்கன்னு ஷீட்ல எழுதி டைரக்டர் கையெழுத்து வாங்கிட்டு ஃபைலை மூடுங்க.